மலருக்கு வந்த மடக்கு வண்டி

அறிவு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். 'அத்தைய நான் எதுவும் சங்கடப்படுத்திட்டேனா'ன்னு கயல் உன்னைக் கேட்டிருப்பாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. இனியாவுக்கு ஸ்ட்ரோலர் வாங்கப்போகிறோம் என்று இரண்டு வண்டிகளின் வீடியோவைக் காட்டினாய். கறுப்பு வண்டியைக் கடைக்காரப் பெண் ஒரே கையால் அமுக்க, அது குடை மாதிரி சுருங்கி அவள் கக்கத்துக்குள் அடங்கிவிட்டது. "மடக்குனா விமானத்துல தலைக்கு மேல வச்சிடலாம்மா, தை மாசம் திருச்சிக்கு வர்றப்ப சவுகரியமா இருக்கும். எது வாங்கலாம், நீயே சொல்லு" என்று கேட்டாய். அந்த மாதிரி வண்டி மடங்குகிற 'கடக்' சத்தத்தை நான் கேட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். வாய் திறந்தால் அழுதுவிடுவேன், பச்சைப் பிள்ளைக்காரி எதிரில் அழக்கூடாது என்றுதான் வைத்துவிட்டேன்.

உனக்கு முன்னால் ஒருத்தி பிறந்து இறந்தாள் என்று உனக்குத் தெரியும். மலர்க்கொடி என்ற பேர் தெரியும். காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறோம். அதற்கு மேல் நீயும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. நீ சிறுவனாக இருந்தபோது சொன்னால் பயப்படுவாய் என்று விட்டேன். வளர்ந்த பிறகு எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டேன். இப்போது நீயும் ஒரு பெண்ணுக்குத் தகப்பன். எது வாங்கலாம் என்று என்னைக் கேட்டாய் அல்லவா, அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மலரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. குழந்தையை உட்கார வைத்துத் தள்ளுகிற மடக்கு வண்டி முத்துப்பேட்டைக்கு இந்தப் பக்கம் எந்தக் குடியானவர் வீட்டிலும் இல்லாத காலத்தில், பண்ணையில் கூலிக்கு நடவு நட்ட என் வீட்டில் அது ஒன்று இருந்தது.

மலர் பிறந்தபோது உன் தாத்தாதான் பேர் வைத்தார். அவர் கட்சிக்காரர். எங்கள் கல்யாணத்தையே ஐயர் இல்லாமல், மேடை போட்டு, மாலை மாற்ற வைத்து நடத்தியவர். 'சாமி பேரு வேணாம், தமிழ்ப் பேரா இருக்கட்டும்' என்று சொல்லி மலர்க்கொடி என்று வைத்தார். ஒரு வயசு தாண்டித் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தாள். வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகை வரைக்கும் போவாள், விழுவாள், எழுந்து சிரிப்பாள். அந்த வருஷம் கோடையில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது இரண்டு காலும் துவண்டு கிடந்தன. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். எங்கள் தெருவிலேயே இன்னொரு பையனுக்கும் வந்திருந்தது, அவனுக்கு ஒரு கால் மட்டும்தான் போயிற்று. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம், எண்ணெய் போட்டுத் தேய்த்தோம், மணலில் குழி தோண்டி இடுப்பு வரை நிற்க வைத்துப் பார்த்தோம். உன் அப்பா, சாமியே கும்பிடாத வீட்டுப் பிள்ளை, எனக்குத் தெரியாமல் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்விட்டு வந்தார். கால் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் என் இடுப்பில்தான் இருந்தாள். நடவுக்குப் போனால் வரப்பில் சாக்கை விரித்து உட்கார வைப்பேன். நாங்கள் நட்டுக்கொண்டே பின்னால் நகர நகர அவள் தூரமாகிக்கொண்டே போவாள். அங்கிருந்து, "அம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். நான் பயப்படக்கூடாதாம், அதற்காக. நான்கு வயசு, ஐந்து வயசு ஆனபோது பாரம் கூடிவிட்டது. இடது இடுப்பு எனக்கு இன்றைக்கும் சற்று இறங்கியே இருக்கிறது. டாக்டரிடம் காட்டச் சொல்லி நீ திட்டுவாயே, அது அவள் உட்கார்ந்த இடம்.

முத்துப்பேட்டையில் ஜொகரா அம்மா வீட்டுக்குத் தேங்காய் உரிக்கிற வேலைக்கு அவ்வப்போது போவேன். அவர் வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தார். ஒருநாள் மலரைக் கொல்லையில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா உள்ளே போய், குடைக் கம்பி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலால் கீழே ஒரு மிதி மிதித்தார். அது விரிந்து நாற்காலியாக நின்றது. நீலக் கோடு போட்ட துணி, சின்னச் சின்னச் சக்கரங்கள். "எம் பேரனுக்கு வாங்கியாந்தது புள்ள. அவன் இப்பக் குதிரையாட்டம் ஓடுறான். பரண்ல கெடந்து எலி கடிக்கிறதுக்கு உம்புள்ள உக்காரட்டும்" என்றார். எனக்கு வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. மலருக்குக் கூச்சம் இல்லை. கொல்லையிலிருந்தே இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

அந்த வண்டியோடு நான் பட்ட பாடுகளிலிருந்து சிலதைச் சொல்கிறேன், உனக்கு உதவும். கடையில் வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்து 'நல்லா ஓடுது' என்று வாங்கிவிடாதே. எந்த வண்டியும் கடைத் தரையில் ஓடும். இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மீதி ஒரு கையால் மடக்கிப் பார், விரித்துப் பார். பஸ் வந்து நிற்கும்போது உனக்கு ஒரு கைதான் மிச்சம் இருக்கும். நீ உயரம், கயல் குள்ளம். கைப்பிடி இருவருக்கும் எட்டுகிறதா என்று பார். அவளைத் தள்ளச் சொல்லிப் பார், நீ மட்டும் தள்ளிப் பார்த்துத் தீர்மானிக்காதே. பகலெல்லாம் தள்ளப்போவது அவள். லேசான வண்டியில் கைப்பிடியில் பையை மாட்டாதே. ரேஷன் அரிசிப் பையை நான் அப்படி மாட்டிவிட்டு மலரைத் தூக்கினேன், வண்டி மல்லாந்து விழுந்து அரிசியெல்லாம் தெருப்புழுதியில் கொட்டியது. அவள் உள்ளே இருந்தபோதே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மடங்குகிற மூட்டில் குழந்தை விரல் போகாமல் மூடி இருக்கிறதா என்று தடவிப் பார். இனியாவுக்கு இன்னும் தலை நிற்கவில்லை, அதனால் முதுகு மல்லாந்து படுக்கிற வண்டியாக இருக்க வேண்டும். நிமிர்ந்தே உட்கார்த்துகிற வண்டி இப்போது ஆகாது. பட்டை இடுப்போடு நிற்காமல் தோள் வழியாகவும் வர வேண்டும். எங்கள் வண்டியில் இடுப்புப் பட்டைதான் இருந்தது. காலில் பலம் இல்லாத பிள்ளை வழுக்கி வழுக்கிக் கீழே வருவாள். உன் அப்பா பழைய வேட்டியைக் கிழித்துத் தோளுக்குப் பட்டை தைத்தார்.

வண்டி வந்த பிறகுதான் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்ற நினைப்பே எங்களுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்திருந்த சமயம். தெருப் பிள்ளைகள் எல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவள் வாசலில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒருநாள் அவளும் ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நான் ஓட வேணாம்மா, மெதுவாப் போனாலும் சோறு இருக்கும்ல?" என்று கேட்டாள். மறுநாளே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

ஆனால் வண்டி ஓட ரோடு வேண்டுமே. இப்போது நீ வந்தால் கார் வீட்டு வாசலில் நிற்கிறது. அன்றைக்கு எங்கள் தெருவுக்கும் கப்பி ரோட்டுக்கும் நடுவில் பண்ணையாரின் வயல். வருவதற்கும் போவதற்கும் ஒரு வரப்பு, அவ்வளவுதான். ஒரு ஆள் நடந்தால் எதிரே வருகிறவர் வயலில் இறங்கி நிற்க வேண்டும். பிள்ளை பெறப் போனாலும் அதில்தான், பிணம் போனாலும் அதில்தான். பண்ணையாருக்கு இருந்த நிலம் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது என்பார்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு சொந்தக்காரர், சமையல்காரர் பேரிலெல்லாம் எழுதி வைத்திருந்தார். பாதைக்கு ஒரு துண்டு விடச் சொல்லிக் கேட்டால், 'ஒங்க பாட்டன் பூட்டன் இதுலதானே நடந்தான்' என்பார். அதனால் தினமும் காலையில் மலரை நான் இடுப்பில் தூக்கிக்கொள்வேன், வண்டியை மடக்கி உன் அப்பா தோளில் போட்டுக்கொள்வார். வரப்பு முடிகிற இடத்தில் மதகு, அதைத் தாண்டினால் ரோடு, ரோட்டோரம் ஒரு புளியமரம். மரத்தடியில் வண்டியை விரித்து அவளை உட்கார வைப்போம். அதற்குப் பிறகு அவள் ராணி. முன்னால் கையை நீட்டி, "ஓரமாப் போங்க, ஓரமாப் போங்க" என்று ஆட்டையும் கோழியையும் விரட்டிக்கொண்டே போவாள்.

அந்த வருஷம் சம்பாவில் களையெடுப்புச் சமயத்தில் வேலை நிறுத்தம் வந்தது. கூலி நெல்லை உயர்த்த வேண்டும், தெருவுக்குப் பாதை விட வேண்டும், இரண்டுதான் சங்கம் கேட்டது. பண்ணையார் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். வயலில் கைகலப்பு ஆகி, போலீஸ் வந்து, உன் அப்பா உட்பட ஆண்களையெல்லாம் பிடித்துப்போய் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து விட்டார்கள். வீட்டில் அடுப்பு எரிந்த நாளும் உண்டு, எரியாத நாளும் உண்டு. கடைசியில் தாலுகா ஆபீசில் சமாதானப் பேச்சு என்றார்கள். நானும் போனேன், மலரையும் வண்டியையும் தூக்கிக்கொண்டு போனேன், அவளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை.

தாசில்தார் நல்ல மனுஷர்தான். சின்ன வயசு. பேச்செல்லாம் கூலியைப் பற்றியே நடந்தது. மரக்கால் கணக்கில் இழுத்துப் பறித்து ஒரு வழிக்கு வந்தார்கள். சங்கத் தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். "பாதை?" என்றேன். "அதை அப்பறம் பாத்துக்கலாம்மா, மொதல்ல இது முடியட்டும்" என்றார் தலைவர். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. சுவரில் சாத்தியிருந்த வண்டியை எடுத்து, காலால் மிதித்து, தாசில்தார் மேஜைக்கு எதிரே விரித்தேன். மலரை அதில் உட்கார வைத்தேன்.

"ஐயா, இந்த வண்டி கையகலச் சக்கரத்துல ஓடுது. இது போற அளவுக்கு எங்க தெருவுக்கு வழி விடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றேன்.

தாசில்தார் வண்டியைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். "ஒம் பேரென்ன பாப்பா?" என்றார்.

"மலர்க்கொடி. ஒண்ணாப்பு."

"ஒனக்கு ரோடு வேணுமா?"

"எனக்கு வேணாம் சார். எங்கம்மாவுக்குத்தான் இடுப்பு வலிக்கிது."

பண்ணையார் துண்டை எடுத்து மடியில் போட்டு மடித்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக்குள்ளும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், "தர்றேன். ஆனா பயிரு நிக்கிது. பச்சப் பயிர மிதிச்சு வழி போடச் சொல்றியா? அந்த வயல நட்டவ நீதானே."

நட்டவள் நான்தான். குனிந்து குனிந்து ஒவ்வொரு நாற்று முதலாக ஊன்றியவள். தூர் கட்டி நிற்கிற பயிரைப் பிடுங்கிப் போட்டு வழி செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அப்பாவைப் பார்த்தேன். அவரும் தலையை ஆட்டினார். "அறுத்தப்பறம் விடுங்கய்யா, போதும்" என்றேன். தாசில்தார் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். தை மாசம் அறுப்பு. அப்போது ஐப்பசி. நடுவில் கார்த்திகை, மார்கழி இரண்டு மாசம்தானே என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தோம். அன்றைக்கு வரும் வழியில் மலர் கேட்டாள், "ரோடு வந்துட்டா அப்பா என்னத் தனியா வுட்டுட்டுத் தள்ளுவாரா?" தள்ளிவிட்டால் தானாகவே உருண்டு போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "மதகுலேர்ந்து வாசல் வரைக்கும் வுடறேன் ஒன்ன" என்றார் உன் அப்பா.

கார்த்திகையில் மழை பிடித்தது. நீ பார்த்த மழையெல்லாம் மழை இல்லை, அறிவு. வானத்துக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாமல் வெள்ளையாக நின்றது. வாய்க்கால் உடைந்து வயலெல்லாம் கடல். பயிரின் நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது, வரப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மலருக்குச் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கால் வராத பிள்ளைகளுக்கு நெஞ்சும் பலவீனமாக இருக்கும் என்று பின்னால் ஒரு நர்சம்மா சொல்லித்தான் தெரியும். கஷாயம் கேட்கவில்லை. மழை விட்டதும் போகலாம் என்று ஒரு நாள் பார்த்தோம். மறுநாள் காலையில் அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இனிமேல் பார்க்க முடியாது என்று கிளம்பினோம்.

உன் அப்பா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் முகம் அவர் முதுகுப் பக்கம், என்னைப் பார்த்தபடி. மேலே மழை படாமல் உரச் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டுவிட்டேன். வாசலில் இறங்கும்போது, இழுக்கிற மூச்சோடு, "வண்டியையும் எடுத்துக்கம்மா. ஆஸ்பத்திரியில ஒனக்குக் கை வலிக்கும்" என்றாள். அதனால் வண்டியை மடக்கித் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர் காலால் துழாவித் துழாவி வரப்பைக் கண்டுபிடித்து ஒவ்வொரு அடியாக வைத்தார். இடுப்பு அளவு தண்ணீர். வழுக்கினால் இருவரும் போய்விடுவார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவளும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். உன் அப்பா பேசிக்கொண்டே போனார். "இதோ வந்துட்டோம் கண்ணு. மதகு வந்துட்டுது பாரு. புளியமரம் தெரியிது. ரோட்டுக்குப் போயி பஸ்ஸுல ஏறிட்டா மன்னார்குடிதான். டாக்டரு ஊசி போடுவாரு, அழக்கூடாது என்ன."

காற்று அடித்துச் சாக்கு விலகிவிட்டது. மழை அவள் முகத்தில் நேராக விழுந்தது. கண்ணிலும் விழுந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன், திறந்தபடியே நடந்தேன். சத்தம் போட்டால் அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார், தண்ணீர் இருவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை. அவர் அவளோடு பேசிக்கொண்டு போனாரே, அந்தப் பேச்சை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. ரோடு வரும் வரைக்கும் அவருக்காவது அவள் இருக்கட்டும் என்று விட்டேன். அவர் ஊசியைப் பற்றிச் சொன்னார், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைக்கிறேன் என்றார், திரும்பி வரும்போது பொரி உருண்டை வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் பின்னால் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

புளியமரத்தடிக்கு வந்ததும், "கீழ எறக்குங்க" என்றேன். தலையிலிருந்து வண்டியை இறக்கி, காலால் மிதித்து விரித்தேன். அவளை அவர் தோளிலிருந்து வாங்கி அதில் உட்கார வைத்துத் தோள் பட்டையைப் போட்டேன். அவள் தலை சாய்ந்துவிட்டது. அவர் பார்த்தார். மன்னார்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுங்க, ஏறுங்க" என்றார். உன் அப்பா கையை அசைத்துப் போகச் சொன்னார். பஸ் போய்விட்டது. மழையில் அவளை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். தெரு ஜனங்கள் தண்ணீரில் இறங்கி வரும் வரைக்கும் அப்படியேதான் இருந்தோம்.

வண்டியைக் கழுவித் துடைத்து ஜொகரா அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் தொடவில்லை, என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இது எங்கிட்ட வர வேணாம் புள்ள. கால் இல்லாத இன்னொரு புள்ளைய அல்லா ஒனக்குக் காட்டுவான்" என்றார். நீடாமங்கலம் பக்கத்தில் உன் சின்னத்தை வாழ்க்கைப்பட்ட ஊரில் அப்படி ஒரு பிள்ளை இருந்தது. அங்கே கொடுத்தனுப்பிவிட்டோம். அந்தப் பிள்ளை அதில் நிறைய நாள் போனது என்று கேள்விப்பட்டேன்.

தை மாசம் பயிரில் பாதி அழுகியும் பாதி நின்றும் அறுப்பு வந்தது. பண்ணையார் சொன்ன சொல்லை மாற்றவில்லை. காலையிலேயே வயலுக்கு வந்து வரப்பில் நின்றார். கயிறு பிடித்து ஓரமாக ஒரு துண்டை அளந்தார்கள். "மொதல்ல இத அறுத்துடுங்க" என்றார். என் முகத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியவில்லை, அறுவாளைப் பார்த்துச் சொன்னார். அந்தத் துண்டை நான்தான் அறுத்தேன். மற்றவர்கள் 'நீ உக்காரு அக்கா, நாங்க பாக்குறோம்' என்றார்கள். நான் கேட்கவில்லை. நட்டவள் அறுக்கட்டும் என்று குனிந்தேன். அடுத்த வாரமே தெருவெல்லாம் கூடி மண் கொட்டிப் பாதை போட்டுவிட்டோம். அந்தப் பாதைதான் அப்புறம் கப்பி ஆகி, தார் ஆகி, நீ சைக்கிள் பழகியது, கல்யாணம் முடிந்து கயலோடு காரில் வந்து இறங்கியது எல்லாம் அதில்தான். அந்தப் பாதை வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் இருந்தது. எங்களுக்கு மட்டும் அதில் நடக்க ரொம்ப நாள் ஆயிற்று.

நீ பிறந்தபோது ஜொகரா அம்மா மறுபடியும் ஒரு வண்டி வரவழைத்துத் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். நடைவண்டி கேட்டு நீ அழுதாய், அதையும் வாங்கவில்லை. நீ சைக்கிள் பழகுகிற வயசு வரைக்கும் சக்கரம் வைத்த எதையும் வீட்டுக்குள் விடவில்லை. உன் அப்பாவும் உன்னை ஒருநாளும் தோளில் தூக்கியது கிடையாது, கவனித்திருக்கிறாயா? தேர் பார்க்கப் போனால் எல்லாப் பிள்ளைகளும் அப்பன் தோள் மேல் இருக்கும். நீ மட்டும் அவர் நெஞ்சோடு இருப்பாய். தேர் தெரியவில்லை என்று அவர் சட்டையைப் பிடித்து உதைப்பாய். "எம் மூஞ்சியப் பாருடா, தேர அப்பறம் பாக்கலாம்" என்பார். அது அவர் சுபாவம் என்றுதான் நான் இத்தனை வருஷமும் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். உன் அப்பா வந்து, "புள்ள என்ன கேட்டான்?" என்றார். சொன்னேன். கறுப்பு வண்டி சின்னதாக மடங்குமாம், ஆனால் பிள்ளை முன்னால் பார்த்துத்தான் உட்காருமாம். சாம்பல் வண்டி கொஞ்சம் கனமாம், விமானத்தில் தலைக்கு மேல் வைக்க முடியாதாம், ஆனால் ஆசனத்தைத் திருப்பிப் போட்டால் பிள்ளை முகம் நம்மைப் பார்த்து இருக்குமாம் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "மொகம் நம்மப் பாத்து இருக்குறதையே வாங்கச் சொல்லு" என்றார்.

அதைச் சொல்லிவிட்டுப் போகாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மலர் பேரை இந்த வீட்டில் அவர் சொல்லி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. "அன்னிக்கு மலரு மொகம் எனக்குத் தெரியல. மூச்சு மட்டும் கழுத்துல சூடாப் பட்டுக்கிட்டே வந்துது. மதகுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுட்டுது" என்றார்.

மதகு, புளியமரம், பஸ், ஊசி, பொரி உருண்டை, அவ்வளவும் அதற்கப்புறம் பேசியது. "தெரிஞ்சுமா பேசிக்கிட்டே வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீ பின்னாடி வந்துக்கிட்டு இருந்தியே" என்றார்.

அம்மா